கடலைக்காரரிடம் வாங்கிய மோடா

எங்கள் வீட்டுப் பால்கனியில் ஒரு மோடா இருக்கிறது. நாணல் தட்டையைக் கயிற்றால் பின்னி, உடுக்கை மாதிரி இடை சிறுத்து, அடியில் பழைய சைக்கிள் டயர் சுற்றிய டில்லி முக்காலி. விருந்தாளிகள் யாராவது அதன் வயதைக் கேட்டால், பழைய டில்லிச் சாமான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உண்மை என்னவென்றால் அது திருட்டுச் சொத்து. பறிகொடுத்தவர் நடைபாதையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவர். எடுத்துக்கொண்டு ஓடியவன் நான், மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தன், நிரந்தரப் பணி. நாள், குடியரசு தினம். நாடே இடது கால் வலது கால் பிசகாமல் நடந்துகொண்டிருந்த காலை நேரத்தில் நான் ஒரு முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இந்தியா கேட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஓட நேர்ந்ததற்குக் காரணம் என் வாய். அந்த நாட்களில் என் வாயில் ஒரு சொல் குடியிருந்தது. 'ஆச்சு.' ஊருக்குப் போகிறவருக்கு ரயிலில் கீழ்ப் படுக்கை வேண்டுமா, ஆச்சு. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பையனுக்கு ஒன்றாம் வகுப்பில் இடமா, ஆச்சு. கிட்வாய் நகரில் மூன்று பிரம்மச்சாரிகள் சேர்ந்து குடியிருந்த குவார்ட்டரில், யாருடைய முறையானாலும் பால் டிப்போவுக்கு விடிகாலையில் நான் போகிறேன், ஆச்சு. சொன்ன கணத்தில் எதிராளியின் முகம் மலரும். அந்த மலர்ச்சியோடு என் கடமை முடிந்ததாக நான் நினைத்துவந்தேன். பால் வரவில்லை, படுக்கை கிடைக்கவில்லை என்பதெல்லாம் பிறகு விதியின் கணக்கில் சேரும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் யாராவது முன்பே என்னைத் திருத்தியிருப்பார்கள்.

என் அலுவலகத்தில் இதற்கு நேர் எதிரான ஒருவர் இருந்தார். தபால் அனுப்பும் பிரிவில் உட்கார்ந்திருந்ததால் தமிழர்கள் அத்தனை பேருக்கும் அவர் டெஸ்பாட்ச் அக்கா. பாளையங்கோட்டைக்காரர். குள்ளம். வருடத்தில் நான்கு மாதம் ஒரே பழுப்பு ஸ்வெட்டர். எதைக் கேட்டாலும் முதலில் 'முடியாது' என்பார். அவருடைய வேலை முறை அப்படி. அன்றைய தேதி போட்டு பதிவேட்டில் ஓர் உறையை எழுதிக்கொண்டால் அது அன்றைக்கே கட்டடத்தை விட்டுப் போயாக வேண்டும். போகாது என்று தெரிந்தால் எழுதவே மாட்டார். நாலு மணிக்கு மேல் உறையை நீட்டினால் கையால் தொடமாட்டார். ஒருமுறை துணைச் செயலாளரே நேரில் வந்து நின்று, "சும்மா என்ட்ரி போட்டு வெச்சுக்கோங்கம்மா, நாளைக்குப் போகட்டும்" என்றார். அக்கா எழுந்து நின்று மரியாதையாக, "நாளைக்குப் போறதுக்கு நாளைக்கு எழுதுதேன் சார்" என்றார். உறை திரும்பிப் போயிற்று. அலுவலகம் முழுக்க அவரைக் கறார் என்றார்கள். ஆனால் அவசரத் தபால் உள்ளவர்கள் நாலு மணிக்கு முன்னால் அவர் மேசைக்குத்தான் ஓடினார்கள்.

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கணக்கு வாத்தியாரின் மகள். ஜாதகம் பொருந்தி, போட்டோவும் கைமாறிய பிறகு வாத்தியார், தம்பியை நேரில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று எழுதினார். கூடவே என் அம்மாவும் எழுதியிருந்தார். முன்பு வந்த ஒரு வரனை இந்த மனிதர் தட்டிக்கழித்ததற்கு ஒரே காரணம், காலை பத்து மணிக்கு வருகிறேன் என்ற பையன் பன்னிரண்டுக்கு வந்ததுதானாம். "உன் வாய் எனக்குத் தெரியும், பாத்து நடந்துக்கோ சாமி" என்று அடிக்கோடு இட்டிருந்தார். அதே தபாலில் வாத்தியாரின் கார்டும் இருந்தது. சனவரிக் கடைசியில் தானும் மனைவியும் வருவதாகவும், குடியரசு தின அணிவகுப்பை உட்கார்ந்து பார்க்க வழியுண்டா, இல்லையென்றால் பாதகமில்லை என்றும் கேட்டிருந்தார். இல்லையென்றால் பாதகமில்லை என்று அந்த நல்ல மனிதர் எனக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் அம்மாவின் அடிக்கோட்டை ஒருமுறை பார்த்தேன், பேனாவை எடுத்தேன், எழுதினேன்: 'இரண்டு பாஸ், ஆச்சு.'

பாஸ் என்பது அன்றைய டில்லியில் என்ன என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொந்த ஊரிலிருந்து சனவரியில் வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும், டில்லியில் வேலை பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் பிரதமர் தனியாக ஒரு வரிசை ஒதுக்கி வைத்திருப்பதாக நம்பினார். எங்கள் அலுவலகத்துக்கு வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய பாஸ்கள். அவை ஊழியர்களுக்கு முறை வைத்துப் போகும். என் முறை வர இன்னும் பல பிரதமர்கள் வரவேண்டியிருந்தது. பத்து நாள் பலரிடம் அலைந்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு, "அரே, ஹோ ஜாயேகா" என்றார்கள். ஆகிவிடும் என்று அர்த்தம். என் சொல்லை மற்றவர்கள் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு வெறுமையாக ஒலிக்கிறது என்று புரிந்தது. வேறு வழியில்லாமல் டெஸ்பாட்ச் அக்காவின் மேசை முன்னால் போய் நின்றேன்.

அக்காவுக்கு அந்த வருடம் முறை வந்திருந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. தன்னைப் பற்றி எதுவும் பேசாதவர், அந்த ஒரு மாதம் மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாயில்லாமல் அவர் வளர்த்த தம்பி ராணுவத்தில் இருந்தான். அந்த வருட அணிவகுப்பில் நடக்கப் போகிறான். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள். இடத்தைக்கூட எழுதித் தெரிவித்திருந்தான். அதனால் அவருடைய பாஸை நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் வெட்கம் இருந்தது. வேறு யாராவது தருவார்களா என்றுதான் கேட்டேன்.

"ஏல, இல்லாத பாஸை எப்படில ஆச்சுன்னு எழுதுன?" என்றார்.

"கிடைச்சுடும்னு நெனச்சேன் அக்கா."

"நெனைக்கதுக்கும் எழுதுததுக்கும் நடுவுல பேனா மூடின்னு ஒண்ணு இருக்கு. அதக் கொஞ்ச நேரம் கழட்டாம இருந்துருக்கலாம்லா?"

நான் அம்மாவின் கடிதத்தை நீட்டினேன். அடிக்கோட்டைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் பிரிவிலேயே ஒரு வங்காளிக் கிளார்க்குக்கும் அந்த வருடம் முறை. அவர் லீவில் கல்கத்தா போவதாக இருந்தது. தன் இரண்டு பாஸையும் அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாராம். மை காய்கிற நேரம் அளவுக்கு யோசித்துவிட்டு அக்கா, "சரி. ரெண்டு தாரேன்" என்றார். முடியாது என்றே கேட்டுப் பழகிய வாயிலிருந்து அந்தச் சரி வந்ததும் எனக்குக் கால் தரையில் பட்டது. பாஸ் கைக்கு வருவதற்கு முன்பே அது கைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் அக்கா ஓர் உறையை என் மேசையில் வைத்தார். "இந்தா" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. நன்றி சொல்ல நான் எழுந்திருப்பதற்குள் போய்விட்டார். அந்த வங்காளிக்காரர் அன்று தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். டீகூடக் குடித்துக்கொண்டிருந்தார். கல்கத்தா போகவேண்டியவர் இங்கே எப்படி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு வேண்டியது கிடைத்த பிறகு தோன்றுவதை நிறுத்திக்கொள்ளும் மூளை என்னுடையது.

மறுநாள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு என் குரங்குக் குல்லாவையும் அவர் மனைவிக்கு அறைத்தோழனின் சால்வையையும் மாட்டி, இருவரையும் உரிய வாசலில் உள்ளே அனுப்பினேன். வாத்தியார் பாஸைத் திருப்பிப் பார்த்து, "சொன்ன மாதிரியே வாங்கீட்டீங்க தம்பி" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். முடிந்ததும் இதே வாசலில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, பாஸ் இல்லாத பொதுஜனம் நின்று பார்க்கும் சாலைப் பக்கம் நடந்தேன். இந்தியா கேட்டைத் தாண்டி அணிவகுப்பு கன்னாட் பிளேஸ் பக்கம் திரும்பும் சாலை. நடைபாதை நெடுகக் கயிறு கட்டியிருந்தது. ஆறு வரிசைக்கு ஆட்கள். ஓரமாக மோடாவில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் கடலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இருபதடி தள்ளி, ஆறாவது வரிசைக்கும் பின்னால், ஒரு பழுப்பு ஸ்வெட்டர் குதிகாலைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கணக்கு வராது. ஆனால் இரண்டு வரைக்கும் எண்ணத் தெரியும். கையிலிருந்த கடலை சுட்டது.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"ஏன், இந்த ரோடு உங்க தாத்தா போட்டதா?"

"அந்தப் பாஸ் உங்களோடதா?"

"அவரு லீவு கேன்சலாயிட்டு. சாரி தீதின்னு ஒரு வார்த்தை சொன்னாரு. அவரு சொல்லிட்டுப் போயிருவாரு. தாரேன்னு சொன்னது நானுல்லா." திரும்பாமலே பேசினார். "ஒங்க மாமாவும் கைய விரிச்சுட்டாரு, குளிருக்கு ரஜாய்ப் போர்வைய விட்டு வரமாட்டேன்னு. நான் ஒத்தைல போயி அந்த நாக்காலில என்ன செய்ய?"

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. தம்பிகிட்ட வரேன்னு சொல்லியிருந்தீங்களே என்றேன். "பாக்க வாரேன்னுதான் சொன்னேன். உக்காந்து பாக்கேன்னு சொல்லல" என்றார்.

தொலைவில் பேண்டு கேட்டது. நான், "இருங்க அக்கா, அஞ்சே நிமிஷம், ஏறி நிக்க ஏதாவது கொண்டு வந்துடறேன், ஆ—" என்று தொடங்கினேன். அக்கா முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். "சொல்லாதல. கொண்டாந்தா கொண்டா."

கடலைக்காரரிடம் ஓடினேன். மோடாவைக் கேட்டேன். அவர் தன் மோடாவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "வாபஸ் லாவோகே பாபுஜி? பக்கா?" என்றார், நிச்சயம் திருப்பிக் கொண்டுவருவீர்களா என்று. "பக்கா, பையா." வாழ்க்கையில் நான் மனதாரச் சொன்ன முதல் பக்கா அதுவாகத்தான் இருக்கும். அவர் எழுந்து துண்டை விரித்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மோடாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அந்த இருபதடியைக் கடக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அதற்குள் கூட்டம் பின்னால் இன்னும் நாலு வரிசை வளர்ந்திருந்தது. ஒரு சர்தார்ஜியின் தோளில் இருந்த குழந்தை மோடாவின் டயரைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் போய்ச் சேர்ந்தபோது பூட்ஸ் சத்தம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இப்பத்தான் போறான்" என்றார் அக்கா.

"பாத்தீங்களா?"

"துப்பாக்கி முனை தெரிஞ்சுது. வரிசையா. அதுல ஒண்ணு அவனுதுதானல."

மோடாவைத் தரையில் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொண்டாந்துட்டியே" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஆச்சரியம். அதைப் பாராட்டு என்று நானாக எடுத்துக்கொண்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்று மிச்சத்தைப் பார்த்தார். ஒட்டகப் படை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒவ்வொரு மாநிலத்து அலங்கார வண்டியும். தமிழ்நாட்டு வண்டி வந்தபோது, "கோபுரம் நல்லாருக்கு. கொஞ்சம் கோணல்" என்று எனக்கு நேர்முக வருணனை செய்தார். நான் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவரின் மப்ளர்.

எல்லாம் முடிந்ததும், "நீங்க பஸ்ஸுக்கு நில்லுங்க அக்கா, இதைக் குடுத்துட்டு நான் அப்படியே போறேன்" என்று மோடாவை எடுத்தேன். அப்போதுதான் மணி பார்த்தேன். வாசலில் வாத்தியார். பத்து மணி என்று சொல்லிப் பன்னிரண்டுக்கு வந்தவனின் கதை கண் முன்னால் வந்தது. ஓடினேன். அவர்கள் வெளியே வந்த அதே நிமிடம் வாசலில் நின்றேன், மூச்சிரைக்க, நேரம் தவறாமல், கக்கத்தில் மோடாவோடு. வாத்தியாரின் மனைவி, "ஏனுங்க, நமக்காகவா கொண்டு வந்தீங்க" என்று அதில் உட்கார்ந்துவிட்டார். பிற்பகல் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனபோது சாலையில் கடலைத் தோல் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் வாத்தியாரின் மனைவி அணிவகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பட்டாளத்துப் பையன், மூணாவது வரிசைலீங்க, ஓரத்துக்கு ரெண்டாவது. எல்லாரும் நேரா பாத்துட்டுப் போறாங்க, அவன் கண்ணு மட்டும் எங்க பக்கம் திரும்புச்சுங்க. யாரையோ தேடுன மாதிரி. பாவமா இருந்துச்சு. நான் கைய ஆட்டுனேனுங்க." அதற்கு மேல் அடக்கமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால்கூட முடியவில்லை. பாஸ் யாருடையது, அந்தக் கண்கள் யாரைத் தேடின, நான் எழுதிய 'ஆச்சு' எப்படிப்பட்டது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். வாத்தியார் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அந்தம்மாவைப் பாக்கோணும்" என்றார்.

மறுநாள் அக்காவின் வீட்டுக்குப் போனோம். வாத்தியாரின் மனைவி அந்தக் கண்களைப் பற்றி மறுபடியும் சொன்னார். அக்கா, "கறுப்பா, ஒல்லியாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, காப்பி போட எழுந்து போனார். காப்பிக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. அதற்கடுத்த நாள் ரயில் கிளம்பும்போது வாத்தியார் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "நீங்க சொன்ன சொல்லை இன்னொருத்தர் நின்னு காப்பாத்தியிருக்காங்க தம்பி. அப்படி ஒரு மனுசர் உங்களுக்காக நிக்கறாங்கன்னா உங்ககிட்டயும் எதோ இருக்கோணும். தேதி பாத்து எழுதறேனுங்க." ரயில் நகர்ந்த பிறகு தலையை நீட்டி, "அந்த மோடாவைக் குடுத்துருங்க" என்றார்.

லீவு முடிந்து அலுவலகம் போனதும் அக்கா பதிவேட்டிலிருந்து தலையெடுக்காமல், "மோடாவைக் குடுத்துட்டியால?" என்று கேட்டார். "குடுத்துட்டேன் அக்கா" என்றேன். வாத்தியாரிடம் உண்மை சொன்னவனுக்கு அக்காவிடம் முடியவில்லை. வாத்தியாரிடம் இழக்க எனக்குப் பெயர் மிச்சமில்லை. அக்காவிடம் அந்த 'கொண்டாந்துட்டியே' ஒன்றுதான் சம்பாதித்திருந்தேன். அக்கா நிமிர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். ஒரு வாரம் கழித்து, மதிய வெயிலில் புல்வெளியில் உட்கார்ந்து தம்பிக்கு இன்லண்ட் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நீ கை ஆட்டியதைப் பார்த்தேன் அக்கா என்று அவன் எழுதியிருந்தானாம். கை ஆட்டியது நான் இல்லை, எங்கள் ஆபீஸ் பையனுக்கு மாமியாராக வரப்போகிறவர், நான் ரோட்டில் நின்றேன் என்று அக்கா பதில் எழுதினார். "பாத்ததாவே நெனச்சுட்டுப் போகட்டுமே, விடுங்களேன்" என்றேன். "வாரேன்னு சொன்னது நான். எங்கன நின்னேன்னு சொல்ல வேண்டியதும் நான்தான்" என்று ஒட்டி மூடினார்.

அதன்பின் ஒவ்வொரு சனவரி இருபத்தாறாம் தேதியும் மோடாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சாலைக்குப் போனேன். கல்யாணமான புதிதில் மனைவியும் வந்தாள். மாமனாரின் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், ஆசீர்வாதத்துக்குக் கீழே, 'மோடா?' என்று ஒரு வரி இருக்கும். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று உண்மையாகவே எழுதுவேன். கிழவரைப் பார்க்கவேயில்லை. எண்பதுகளின் நடுவில் பாதுகாப்புக் கெடுபிடி வந்தபோது ஒரு காவலர் மோடாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, லத்தியால் குத்திப் பார்த்து, இதை ஏன் கொண்டுவந்தாய் என்றார். திருப்பிக் கொடுக்க என்றேன். அவர் என்னை அனுதாபத்தோடு திருப்பி அனுப்பினார். அதோடு நின்றது. ஆனால் 'ஆச்சு' அதற்கு முன்பே நின்றுவிட்டது. அந்தச் சொல் வாய்க்கு வரும்போதெல்லாம் வரிசையாகத் துப்பாக்கி முனைகள் தெரியும். இன்று என் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் முதலில் முடியாது என்கிறேன். என்னைக் கறார் என்கிறார்கள். இருபது வருடமாக எனக்குக் கிடைத்த பட்டங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

அக்கா ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். இந்த வருடம் குடியரசு தினத்தன்று, யமுனைக்கு இந்தப் பக்கம் எங்கள் மூன்றாவது மாடியில், அந்த மோடாவை உள்ளே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து டிவியில் அணிவகுப்பைப் பார்த்தேன். முகம் முகமாக, மீசை மீசையாகக் காட்டினார்கள். எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசை இரண்டாவது ஆளைப் பார்த்தபோது எழுந்துபோய் அக்காவுக்குப் போன் செய்தேன். அன்று அவர் எனக்குக் கொடுத்தது பாஸ் மட்டுமில்லை, ஒரு குடும்பத்தையே கொடுத்தார் என்பதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கூடவே, மோடா விஷயத்தில் சொன்ன பொய்யையும் ஒப்புக்கொண்டேன்.

அக்கா முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எனக்குத் தெரியும்ல. அன்னிக்கு நான் பஸ்ஸுக்கு நிக்கும்போதே அந்தக் கெழவன் வந்து கேட்டுட்டான், நான் அதுல ஏறி நின்னதப் பாத்திருக்கான். நாளைக்குத் தாரேன்னு சொல்லி, மறுநாளே புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன். அப்போ உன் வீட்டுல கெடக்கது என் மோடால்லா. கொண்டாரேன்னு சொல்லாத. கொண்டா."